ஆளுக்கு ஒரு வரி

"எடுங்கண்ணே, சீக்கிரம் எடுங்க, வழியில பேசிக்கலாம்!" என்று கத்திக்கொண்டே அலினாஃபே வாடகைச் சைக்கிளின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

சைக்கிள்காரர் கரும்பு மென்றுகொண்டிருந்தார். அவசரப்படவில்லை. சக்கையைத் துப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"எங்கன்னு சொல்லாம ஏறி உக்காந்தா நேரா எங்க வீட்டுக்குத்தான் கொண்டுபோவேன். என் பொண்டாட்டி நம்ம ரெண்டு பேரையும் வெளுத்துடுவா."

"மாவட்ட ஆஸ்பத்திரி."

"பதினெட்டு கிலோமீட்டர். பூரா சேறு. என்ன குடுப்பே?"

அவள் பள்ளிச் சீருடைப் பைக்குள்ளிருந்து இரண்டு சோப்புக் கட்டிகளை எடுத்து நீட்டினாள். வெள்ளத்துக்கு நிவாரணமாக வந்தவை. உறைகூடப் பிரிக்கவில்லை. அவர் ஒன்றை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பெடலில் கால் வைத்தார்.

"யாருக்கும்மா உடம்பு சரியில்ல?"

அவள் சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "போங்கண்ணே," என்றாள்.

லிம்பானியின் அம்மா விடியும்போதே ஒரு பிக்கப் வண்டியில் மூட்டைகளுக்கு நடுவே ஏறிப் போய்விட்டாள். தலையில் பானை, பானைக்குள் மக்காச்சோள மாவு, மாவுக்கு மேல் ஒரு கைப்பிடி நிலக்கடலைத் தூள். ஆஸ்பத்திரியில் கிடக்கும் மகனுக்கு ஆக்கிப் போட ஆள் வேண்டுமே. மருந்து மருத்துவர் கொடுப்பார். சோறு, துணி, துடைப்பது, திருப்பிப் படுக்கவைப்பது எல்லாம் சொந்தக்காரர்கள் பாடு. துணைக்கு ஆள் இல்லாமல் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. அதனால்தான் அவளுக்கு அத்தனை அவசரம். "ஒரு வாரமா என் புள்ள யார் கையால சாப்பிடுறானோ!" என்று சொல்லிக்கொண்டேதான் வண்டியேறினாள். வெள்ள நிவாரண முகாமே நின்று கையசைத்தது. அலினாஃபேயும் கையசைத்தாள்.

இப்போது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. அங்கே அவள் அடுப்பு மூட்டியிருப்பாள்.

பிள்ளை இறந்துபோய் ஒரு வாரம் ஆகிறது.

இது தெரிந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. தெரிந்தது அலினாஃபே ஒருத்திக்குத்தான். பட்டியல் அவளுடையது. அதை வெட்டியதும் அவள்தான்.

ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்த அன்று அலினாஃபேயின் வீட்டுச் சுவர் விழுந்தது. ஆட்கள் எல்லோரும் தப்பி அவளுடைய பள்ளிக்கூடத்துக்கே வந்து சேர்ந்தார்கள். வகுப்பறைகள் எல்லாம் முகாமாகிவிட்டன. அவள் கணக்குப் படித்த அறையில் இப்போது முப்பத்தொரு பாய்கள் கிடந்தன. அவளுக்கு அடுத்த பாய் லிம்பானி அம்மாவுடையது. அந்த அம்மா இரண்டு நாள் மாமரத்தில் தொங்கிக் கிடந்து, குரல் போய், மூன்றாம் நாள்தான் படகில் வந்தாள். ஏழு வயது மகன் கைநழுவிப் போனது மரம் ஏறுவதற்கு முன்பு. எந்தப் படகு தூக்கியது, தூக்கியதா இல்லையா, ஒன்றும் தெரியாது. ஆனாலும் வாய் மட்டும் ஓயாது. தொண்டை கட்டிய குரலிலேயே எல்லோரையும் கிண்டல் செய்வாள். "இந்தப் பொண்ணு தூக்கத்துலகூடக் கம்ப்யூட்டர் தட்டுது, பாருங்க விரலை," என்பாள் அலினாஃபேயைக் காட்டி.

சுற்றுவட்டாரத்தில் நான்கு முகாம்கள். நான்கிலும் தொண்டர்கள் கைக்கணினியில் ஆட்களைப் பதிந்துகொண்டார்கள். எல்லாம் சேர்ந்து ஒரே கோப்பாக ஒரு பென்டிரைவில் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. முகாம் குழுவின் செயலாளர் கச்சிங்வே அதைத் திறந்து பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது என்னம்மா இது, எறும்புப் புத்தைக் கிளறிவிட்ட மாதிரி?"

உண்மைதான். வளைந்த அடைப்புக்குறி, மேற்கோள் குறி, இரட்டைப் புள்ளி, காற்புள்ளி. அதற்குள் எங்கோ ஒரு பெயர், எங்கோ ஒரு வயது, ஊர், குறிப்பு. அறுநூற்றுச் சொச்சம் பேர் அதற்குள் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நான் சரி பண்ணித் தர்றேன், ஐயா," என்றாள் அலினாஃபே. கணினி மன்றத்தில் இரண்டு வருடமாகப் பைதான் என்ற நிரல்மொழி படித்தவள் அவள் ஒருத்திதான் முகாமில் இருந்தாள்.

"பண்ணு. ஆனா காகிதம் ஒரே ஒரு கட்டுதான் இருக்கு. மையும் எப்ப தீரும்னு தெரியாது. ஆளுக்கு ஒரு வரி. அதுக்கு மேல ஒரு வரி ஓடுச்சுன்னா உன் காதைத் திருகுவேன்."

சோலார் பலகையில் வெயில் இருந்த மத்தியான நேரத்தில் உட்கார்ந்து எழுதினாள். நிரல் ஒன்றும் பெரிதல்ல, நாற்பது வரி. கோப்பைத் திற, ஒவ்வோர் ஆளாக எடு, வேண்டியதை மட்டும் பொறுக்கு, அளவெடுத்த இடத்தில் வை, மிச்சத்தை வெற்றிடத்தால் நிரப்பு. பெயருக்கு இருபத்திரண்டு எழுத்து, வயதுக்கு மூன்று, ஊருக்குப் பதினாறு, குறிப்புக்கு இருபத்தெட்டு. குறிப்பு அதற்கு மேல் நீண்டால் இருபத்தெட்டோடு வெட்டு.

முதல்முறை ஓட்டிப் பார்த்தபோது பதினொரு வரிகளில் ஓரம் அசிங்கமாக இருந்தது. வெட்டிய இடத்தில் பாதிச் சொல் தொங்கியது. ஒரு வரியில் காற்புள்ளி, அதற்கப்புறம் ஒற்றை எழுத்து. கிழிந்த பாவாடை நுனிபோல. அவளுக்கு அது பொறுக்கவில்லை. இன்னும் இரண்டு வரி சேர்த்தாள்: கடைசியில் முழுசாக நிற்காத சொல்லை எடுத்துவிடு, காற்புள்ளி மிஞ்சினால் அதையும் எடுத்துவிடு. மறுபடி ஓட்டினாள். பத்திகள் எல்லாம் நூல் பிடித்தாற்போல் நின்றன.

அந்தப் பதினொன்றில் ஒன்றையாவது முழுசாகப் படித்துப் பார்ப்போம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. ஓரத்தைத்தான் பார்த்தாள்.

பட்டியலைச் சுவரில் ஒட்டியபோது கச்சிங்வே தள்ளி நின்று பார்த்து, "அச்சாபீசுல அடிச்ச மாதிரி இருக்கே!" என்றார். அலினாஃபேக்குக் காது வரைக்கும் சிரிப்பு. அப்போதுதான் லிம்பானி அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"உன் லிஸ்டுதானே? என் பையனைத் தேடு அதுல."

"நான் எழுதல, அம்மா. கம்ப்யூட்டர் எழுதினது."

"கம்ப்யூட்டரு நீ சொன்னாத்தானே கேக்குது. தேடுடி."

அலினாஃபே விரலை வைத்து இறங்கினாள். நான்காவது தாளில் இருந்தது. லிம்பானி, ஏழு, ஊர் சரி. குறிப்பு: மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டான்.

உரக்கப் படித்தாள். இரண்டாவது தடவையும் படிக்கச் சொன்னாள் அந்த அம்மா. மூன்றாவது தடவை படிப்பதற்குள் அவள் குலவையிட ஆரம்பித்துவிட்டாள். வராத குரலில், நாக்கைச் சுழற்றி, தரையை மிதித்து. பெண்கள் ஓடிவந்தார்கள். ஆளுக்கு ஒரு கை மாவு கொடுத்தார்கள். தங்கள் பிள்ளையைப் பட்டியலில் காணாதவர்கள்கூடக் கொடுத்தார்கள். அலினாஃபே இன்னொரு தாள் அச்சடித்து, அந்த ஒரு வரியை மட்டும் கத்தரித்து அவள் கையில் கொடுத்தாள். ஆஸ்பத்திரி வாசலில் காட்டட்டும் என்று.

இன்று காலையில் கச்சிங்வே வந்து, "மாவட்ட அலுவலகத்துக்கு எல்லாம் முழுசா வேணுமாம். ஒரு எழுத்து விடாமக் குடு, திரையில பார்த்துக்கிறாங்களாம்," என்றார். அவள் அந்த இருபத்தெட்டை நீக்கினாள். ஓட்டினாள். பதினொரு வரிகள் மட்டும் நீண்டு, மடிந்து, அடுத்த வரிக்கு இறங்கின. ஒன்றில் போர்வை இல்லை, கைக்குழந்தைகள் இரண்டு என்று இருந்தது. ஒன்றில் சர்க்கரை நோய் மாத்திரை. நான்காவதாக லிம்பானி.

மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டான், வழியில் இறந்தான்.

"என்னம்மா, வந்துச்சா?" என்றார் கச்சிங்வே முதுகுக்குப் பின்னால்.

"சார்ஜ் இல்ல, ஐயா," என்று மடிக்கணினியை மூடிவிட்டு வெளியே ஓடிவந்தவள்தான்.

சைக்கிள் மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே போனது. காடு என்று சொல்வதற்குத் தட்டைகள்தான் மிச்சம்; எல்லாம் ஒரே திசையில் படுத்திருந்தன. சேறு ஆழமான இடங்களில் அவள் இறங்கித் தள்ளினாள். சைக்கிள்காரர் பேசுவதை நிறுத்தவில்லை. மழையைத் திட்டினார், மந்திரிகளைத் திட்டினார், மாமனாரைத் திட்டினார். பிறகு, "நீ அழுவுறேல்ல? சட்டை முதுகெல்லாம் நனையுது," என்றார்.

முகம் தெரியாத முதுகு. அதனிடம் சொல்வது சுலபமாக இருந்தது. அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். அடைப்புக்குறி, இருபத்தெட்டு, தொங்கிய ஒற்றை எழுத்து. அவருக்குப் பாதி புரிந்திருக்காது. ஆனால் சைக்கிளின் வேகம் குறைந்தது.

"அந்தம்மாவுக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியாது. நான்தான் படிச்சுக் காட்டினேன்."

அவர் ஒரு பள்ளத்தைச் சுற்றி வளைத்து மிதித்தார்.

"சாவுச் சேதியச் சின்னப்புள்ள சொல்லக் கூடாது, தங்கச்சி. அதுக்குப் பெரியவங்க இருக்காங்க. உக்காரவெச்சு, ரெண்டு பக்கமும் ரெண்டு பொம்பளைங்க புடிச்சுக்கிட்டு, அப்புறம்தான் வாயத் திறக்கணும். உங்க செயலாளர்கிட்டச் சொல்லியிருந்தா அவரு பாஸ்டரக் கூட்டிக்கிட்டு வந்திருப்பாருல்ல?"

"பயமா இருந்துச்சு."

"இப்ப இல்லையா?"

"இப்பவும்தான். இதுக்குள்ள ஆஸ்பத்திரியில யாராச்சும் சொல்லியிருப்பாங்களோ, அண்ணே?"

கேட்டபோதே அவளுக்குத் தன்மேல் வெறுப்பு வந்தது. ஏனென்றால் அது சந்தேகம் இல்லை, ஆசை. யாரோ முகம் தெரியாத நர்ஸ் ஒருத்தி அதைச் சொல்லி முடித்திருக்க வேண்டும், தான் போகும்போது அந்த அம்மா அழுதுகொண்டிருக்க வேண்டும் என்று வழி முழுக்க வேண்டிக்கொண்டுதான் வந்தாள்.

"வழியில போன உசுரு ஆஸ்பத்திரி நோட்டுல எப்படிம்மா இருக்கும்?" என்றார் அவர்.

ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம், துணைக்கு வந்தவர்கள் தங்கும் கொட்டகை. சுவர் பாதிதான், மேலே கரிபிடித்த தகரம். பத்துப் பதினைந்து அடுப்புகள் எரிந்தன. புகைக்குள் கண்ணை இடுக்கி அலினாஃபே தேடினாள். பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தாள். லிம்பானி அம்மா என்பதைத் தவிர அந்த அம்மாவுக்கு வேறு பெயர் அவளுக்குத் தெரியாது. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

சிரிப்புச் சத்தம்தான் காட்டிக்கொடுத்தது.

"இவ்ளோ கஞ்சியா? உன் புள்ள மனுசனா, யானையா?" என்று ஒரு கிழவி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒரு வாரப் பசி, ஆத்தா. நீ குறுக்க வந்தா உன்னையும் சேத்துத் தின்னுருவான்," என்றாள் லிம்பானி அம்மா. கஞ்சியைக் கிண்டிக்கொண்டே நிமிர்ந்தாள். "ஏ! யாரு இது! கம்ப்யூட்டர்காரியா?"

எழுந்து வந்து, சேறு படிந்த அலினாஃபேயை அப்படியே கட்டிக்கொண்டாள். கைகளில் கடலைத்தூள் மணத்தது.

"பாத்தீங்களா, என் புள்ளயப் பாக்கப் பள்ளிக்கூடத்துலேருந்தே ஆளு வந்திருக்கு! இவதான் அந்த லிஸ்டு போட்டவ. நான் சொன்னேன்ல, இவதான். உக்காருடி. முதல்ல வாயில ஏதாவது வை."

"அம்மா..."

"காலையிலேயே கேட்டுப் பாத்தேன். வாசல்ல ஒரு நர்ஸு, நோட்டைப் புரட்டிட்டு, அந்தப் பேருல யாரும் இல்லைங்குறா. விடுவேனா நான்? இதைக் காட்டினேன்." துணி முடிச்சை அவிழ்த்து அந்தக் காகிதத் துண்டை எடுத்தாள். நான்காக மடித்து வைத்திருந்தாள். "எழுத்துல இருக்கு, நீங்க என்ன இல்லைங்குறீங்கன்னு கேட்டேன். அவளே படிச்சுப் பாத்துட்டு, ஆமாம்மா இருக்கு, வெள்ளத்துல வந்த புள்ளைங்க எந்த வார்டுல இருக்காங்கன்னு விசாரிக்குறேன், பன்னெண்டு மணிக்கு வாங்கன்னா. நல்ல பொண்ணு. நீயும் என்கூட வா. கட்டில்ல பேரு மாட்டியிருப்பாங்களாம். நீ படிச்சுச் சொல்லு."

ஒரு தட்டில் கஞ்சி ஊற்றி அலினாஃபேயின் கையில் திணித்தாள். அலினாஃபே ஒரு வாய் எடுத்தாள். அது நாக்கிலேயே நின்றது. முழுங்கினாள். அந்தப் பையனுக்கென்று கிண்டிய கஞ்சியைத் தான் முழுங்கிவிட்டோம் என்று தோன்றியதும் தட்டைத் தரையில் வைத்துவிட்டாள்.

"சூடா இருக்கா?"

"அந்த வரி முடியல, அம்மா."

"எந்த வரி?"

"உங்க கையில இருக்குறது. அது பாதிதான். ஆளுக்கு ஒரு வரின்னு சொன்னாங்க. காகிதம் இல்லன்னு. நீளமா இருந்ததை எல்லாம் நான் வெட்டிட்டேன். வெட்டின தடம்கூடத் தெரியாம எடுத்துட்டேன். பாக்க நல்லா இருக்கணும்னு."

லிம்பானி அம்மா சிரித்த முகத்தோடுதான் கேட்டுக்கொண்டிருந்தாள். காகிதத்தைப் பிரித்துப் பார்த்தாள். பிறகு திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். அங்கே வெள்ளையாக இருந்தது.

"மிச்சம் எங்க?"

"கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. இன்னிக்குத்தான் பாத்தேன்."

"அதான் பாத்துட்டேல்ல. படி."

கிழவிக்குப் புரிந்துவிட்டது. தன் அடுப்பை விட்டு எழுந்து வந்து, லிம்பானி அம்மாவின் இடப்பக்கம் ஒட்டி உட்கார்ந்தாள். இன்னொருத்தியைக் கண்ணால் அழைத்தாள். அவள் வலப்பக்கம் வந்து உட்கார்ந்தாள். யாரோ கஞ்சி கிண்டும் துடுப்பை வாங்கி வைத்து, பானையை அடுப்பிலிருந்து இறக்கினார்கள். லிம்பானி அம்மா இருபுறமும் திரும்பிப் பார்த்தாள். எதற்காகப் பெண்கள் இப்படி வந்து உட்காருவார்கள் என்று அவளுக்கும் தெரியும். எத்தனையோ பேருக்குப் பக்கத்தில் அவளும் இப்படி உட்கார்ந்திருப்பாள். முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

"படிடி," என்றாள் மறுபடி, மெதுவாக.

அலினாஃபேயின் கையில் எதுவும் இல்லை. படிக்கத் தேவையும் இல்லை. கண்ணை மூடினாலும் அந்த வரி மடிந்து இறங்குவதுதான் தெரிந்தது.

"மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டான், வழியில..." கிழவியைப் பார்த்தாள். கிழவி தலையசைத்தாள், சொல்லிவிடு என்பதுபோல். "வழியில இறந்தான்."

அடிப்பாள் என்று நினைத்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். லிம்பானி அம்மா கத்தவில்லை. வாய் மட்டும் திறந்து மூடியது. இரண்டு பெண்களும் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். அவள் ஆடவேயில்லை, உலுக்கினால் விழும் மரம்போல உட்கார்ந்திருந்தாள். பக்கத்து அடுப்புக்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அதற்கு அடுத்தவர்களும் நிறுத்தினார்கள். கொட்டகை முழுக்க விறகு வெடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"என்னைத் திட்டுங்கம்மா," என்றாள் அலினாஃபே.

அவள் திட்டவில்லை. காகிதத் துண்டை முழங்கால்மேல் வைத்து, சுருக்கம் போக விரலால் நீவினாள். ஒரு தடவை. இன்னொரு தடவை.

"லாரியிலயா அனுப்பினாங்க?"

"தெரியலம்மா. அது அதுல இல்ல."

"லாரியாத்தான் இருக்கும். படகு இந்தப் பக்கம் வராது." தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னாள். பிறகு நிமிர்ந்து அலினாஃபேயின் முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை. அன்று சுவரோரம் நின்று, என் பையனைத் தேடு என்று கேட்டபோது பார்த்தாளே, அதே பார்வை. இவளுக்குத் தெரியும், இவள் சொல்லிவிடுவாள் என்கிற நம்பிக்கை.

"யாருடி அவன்கூட இருந்தா? தலையை யார் மடியில வெச்சிருந்தான்?"